ஒன்பது கிலோ

வாலிநோக்கத்து உப்பளத்திலிருந்து
கட்ச் உப்பு வெளி வரைக்கும்
நடக்கப்போகிறேன் என்றால்
"காசிக்கா?" என்றே கேட்கிறார்கள்.
இல்லை. உப்பிலிருந்து உப்புக்கு.
"அதான் இங்கேயே கொட்டிக் கிடக்கே"
ஐஸைத் தட்டிக்கொண்டே சொன்னான்
மீன் வண்டி பிச்சைமுகம்மது.
அவனுக்குச் சொல்ல இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
நாளுக்கு இருபத்தைந்து. நூறு நாள்.
இவ்வளவு சுத்தமாக வரும் கணக்கில்
எனக்கே சந்தேகம் தட்ட,
காய்ச்சலுக்குப் பத்து,
யாராவது சோறு போட்டு உட்கார வைத்தால் நான்கு
என்று சேர்த்து எழுதினேன்.
கிழிந்த அரிசிச் சாக்கில் தேசப்படம்.
நாலு ஊரோடு மை தீர்ந்தது:
ஓசூர், தாவணகெரே, சாத்தாரா, பரூச்.
மற்றதெல்லாம் கேட்டுக் கேட்டுப் போக வேண்டியவை.

மார்கழியில் தொடங்கினேன்.
விடியுமுன் ஏர்வாடிப் பக்கம், வாடைக்காற்று முகத்தில்.
மணலில் ஒன்று, தாரில் இரண்டு
என்றது கெண்டைக்கால்.
முதல் வாரம் கொப்புளம்.
அடுத்த வாரம் கொப்புளத்துக்குள் கொப்புளம்.
பிறகு ஒரு உடைமுள்.
ஒரு எண் பெரிய ஷூ கேட்டதற்கு
"வளரவா போறீங்க?" என்றான் கடைக்காரன்.

ரேஷன் கடையில் எடையாளர் நான்.
கதவடைத்ததும் பையைத் தராசில் ஏற்றுவேன்.
பன்னிரண்டு நானூறு.
மூன்றாவது சுடிதார் வெளியே.
டார்ச்சுக்குத் துணையாய் வைத்த டார்ச் வெளியே.
பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாய் அறுத்தபோது
தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.
மாசி பிறக்க, ஒன்பது கிலோ.
சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன.

கறுத்துப்போன கால் நகத்தைக் காட்ட
ஏர்வாடி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
பச்சைக்குழந்தைத் தராசில் என் பையைக் கிடத்தி
"எத்தனாம் மாசம்?" என்றாள் நர்ஸ் ரியானா.
எட்டு எழுநூறு.
தூக்கி மறுபடி வைத்தாள். எட்டு எழுநூறு.
"போன வாரந்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க."

முந்நூறு கிராம் சும்மா குறைந்ததில்
முதலில் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.
அது இதம்பாடல் வரை கூட வந்தது.
அங்கே அரிசி ஞாபகம் வந்தது.

ஒன்பதுக்கு முந்நூறு என்றால்
இருபதுக்கு?
நடக்கும்போது கணக்குப் போடக் கூடாது,
கால் தானாக ஓடப் பார்க்கிறது.
கார்டுக்கு அறுநூற்றறுபது கிராம்.
முந்நூற்றெழுபது கார்டு.
எத்தனை வருஷமாக என்பது தராசுக்குத்தான் வெளிச்சம்.
மூட்டைகள் குறைந்தே வந்து இறங்க,
என் இருப்பு மட்டும் மாசக் கடைசியில்
இம்மி பிசகாமல் நின்றதே,
அதற்குத் தாலுகாவில் கைதட்டல்கூட வாங்கினேனே.

விடுப்பு விண்ணப்பத்தின் மேல் இன்னொரு தாள் வைத்தேன்:
தராசு கூட்டிக் காட்டுகிறது, ஆய்வாளரை அனுப்பவும்.
ப. நாகசுந்தரி, எடையாளர்.
இரண்டுக்கும் பதில் இல்லை.

இருபதில் எண் நின்ற பிறகும்
அரைப்படி அள்ளிப் போடுகிறேன்.
பைரோஜா பீவி பையை வாங்காமல் என்னையே பார்த்தாள்.
"ஊரவிட்டுப் போறவ தர்மம் பண்றியா?"
"பாக்கி" என்றேன்.
இருபத்தாறாம் தேதியே அரிசி தீர்ந்தது.
மிச்சமிருந்த பதினெட்டுக் கார்டும்
வாசலில் நின்று என்னைத் திட்டியது நியாயந்தான்.

இன்று காலை
கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு
அடிகளை எண்ணினேன்.
ஆயிரத்து ஐந்நூற்று எண்பது.
அதற்கடுத்த கல்லுக்கு ஆயிரத்து நானூற்று இருபது.
கல்லா, காலா?
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
திரும்பிப் போய்
முதல் கல்லைத் தொட்டுவிட்டு
ஒன்று என்றேன்.